எடைமேடையின் எடை கணினிக்கு வரவில்லையா? சீரியல் போர்ட் பழுதைக் கண்டறியும் முறை

லாரி எடைமேடையில் இண்டிகேட்டர் காட்டும் எண், ஒரு மெல்லிய கேபிள் வழியாகக் கணினிக்குச் சென்று, அப்படியே ரசீதில் அச்சாக வேண்டும். அந்தக் கேபிள் கணினியில் சேரும் இடமே சீரியல் போர்ட். இண்டிகேட்டரில் எடை தெளிவாக எரிந்துகொண்டிருக்கும்போது கணினித் திரையில் பூச்சியமோ பொருளற்ற குறிகளோ வந்து நின்றால், எடை போடுபவர் வேறு வழியின்றி எண்ணைக் கையால் தட்டச்சு செய்யத் தொடங்குகிறார். பழுது நான்கு நாள் நீடித்தால் அதுவே வழக்கமாகிவிடுகிறது. நெல்லையோ பருத்தியையோ ஏற்றிக்கொண்டு வந்து வரிசையில் காத்திருப்பவருக்கு, தன் சுமையின் எடை யார் கையும் படாமல் ரசீதில் ஏறுகிறது என்னும் நம்பிக்கை அதோடு போய்விடுகிறது. ஆகையால் இந்தப் பழுதைச் சிறிய பழுது என்று நான் ஒருபோதும் கருதியதில்லை.

பல ஆண்டுகளாக எடைமேடைகளிலும் மண்டிகளிலும் இந்த இணைப்புகளைச் சரிசெய்துவருபவன் என்ற முறையில், நான் கடைப்பிடிக்கும் வரிசையை இங்கே எழுதுகிறேன். எடைமேடையை எடுத்துக்காட்டாகக் கொண்டாலும், கடைத் தராசு, பழைய ரசீது அச்சுப்பொறி, ஆலைகளின் கட்டுப்பாட்டுக் கருவி என்று சீரியல் போர்ட் வழியாகப் பேசும் எந்தக் கருவிக்கும் இதே முறை பொருந்தும்.

தொடங்கும் முன்

எடை, இண்டிகேட்டரிலிருந்து மென்பொருள் வரை ஐந்து கட்டங்களைக் கடந்து வருகிறது: இண்டிகேட்டரின் வெளியீட்டுச் சுற்று, அதன் அமைப்புகள், கேபிள், கணினியின் போர்ட்டும் அதை இயக்கும் நிரலான டிரைவரும், கடைசியாக எடை மென்பொருள். பழுது எந்தக் கட்டத்தில் இருந்தாலும் வெளியே தெரியும் அறிகுறி ஏறத்தாழ ஒன்றுதான், அதாவது எடை வரவில்லை. அதனால்தான் பலர் கைக்கு எட்டியதை எல்லாம் மாற்றிப் பார்க்கிறார்கள். கேபிளை மாற்றி, டிரைவரை மாற்றி, விண்டோஸையே மறுபடி நிறுவி, முடிவில் முதலில் இருந்த ஒரு பழுதோடு தாங்களே உண்டாக்கிய இரண்டையும் சேர்த்துவைத்துக்கொண்டு தவிக்கிறார்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன் பழைய அமைப்பை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அல்லது கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தேவையான பொருள்கள் குறைவு. சாதாரண மல்டிமீட்டர் ஒன்று, சிறு திருப்புளி ஒன்று, துளைகள் உள்ள ஒன்பது பின் (pin) கனெக்டர் ஒன்று, கணினியில் பட்டி (PuTTY) அல்லது டெரா டெர்ம் போன்ற, போர்ட்டில் வருவதை அப்படியே திரையில் காட்டும் இலவச டெர்மினல் மென்பொருள் ஒன்று ஆகியவை போதும். விண்டோஸ் எக்ஸ்பி வரை உடன் வந்த ஹைப்பர் டெர்மினல், விஸ்டாவிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. எனவே வேறொன்றை முன்கூட்டியே பென்டிரைவில் வைத்துக்கொண்டு செல்வது நல்லது, ஏனெனில் பல எடைமேடைகளில் இணைய வசதி இருப்பதில்லை. வாங்கிய கனெக்டரின் 2-ஆம் பின்னையும் 3-ஆம் பின்னையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து சால்டர் வைத்துக்கொள்ளுங்கள். சில ரூபாய்களில் முடியும் இந்தச் சிறு பொருள், இந்த வேலையில் மற்ற எல்லாக் கருவிகளையும்விட அதிகமாக எனக்கு உதவியிருக்கிறது.

கணினியின் பக்கத்தை முதலில் உறுதி செய்தல்

கணினியின் பின்புறத்தில் ஒன்பது ஊசிகள் இரண்டு வரிசையாக நீட்டிக்கொண்டிருப்பது சீரியல் போர்ட். மூன்று வரிசையில் பதினைந்து துளைகளோடு பெரும்பாலும் நீல நிறத்தில் இருப்பது மானிட்டருக்கானது. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் சீரியல் போர்ட்டுக்கு இருபத்தைந்து பின் கனெக்டரே பயன்பட்டது. 1984-இல் வந்த ஏடி கணினியோடு ஒன்பது பின் கனெக்டர் வழக்கத்துக்கு வந்தது. இன்றைய பெரும்பாலான கணினிகளில் இரண்டுமே இல்லாமல், யூஎஸ்பி கன்வெர்ட்டரை நம்பியே வேலை நடக்கிறது. இந்த வரலாறு ஒரு காரணத்துக்காகத் தெரிந்திருக்க வேண்டும்: ஒன்பது பின் கனெக்டரில் கணினிக்கு 2-ஆம் பின் பெறுவது, 3-ஆம் பின் அனுப்புவது, 5-ஆம் பின் கிரவுண்டு, இருபத்தைந்து பின் கனெக்டரிலோ 2 அனுப்புவது, 3 பெறுவது, 7 கிரவுண்டு. பழைய இண்டிகேட்டர்களில் இருபத்தைந்து பின் கனெக்டர் இன்னமும் இருக்கிறது. எண்ணை மட்டும் பார்த்து ஒயர் போட்டால் இங்கேதான் தவறு நேர்கிறது.

இனி டிவைஸ் மேனேஜரைத் திறந்து, போர்ட்டுகள் என்னும் பிரிவில் உங்கள் போர்ட் எந்தக் காம் எண்ணில் (விண்டோஸ் போர்ட்டுக்கு இடும் COM எண்) இருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பிரிவே காணப்படவில்லையென்றால், கணினியோடு வந்த போர்ட்டாக இருப்பின் பயாஸ் அமைப்பில் அது அணைக்கப்பட்டிருக்கலாம். கன்வெர்ட்டராக இருப்பின் டிரைவர் நிறுவப்படாமல் இருக்கலாம். மதர்போர்டில் போர்ட்டுக்கான பத்து ஊசி இணைப்பு மட்டும் இருந்து, தகட்டோடு கூடிய பட்டை ஒயரைத் தனியாக வாங்கிப் பொருத்தியிருந்தால், அந்த ஒயரில் இரண்டு வகை உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்; உள்ளே பின்களின் வரிசை வேறு. தவறான வகையைப் பொருத்தினால் டிவைஸ் மேனேஜரில் எல்லாம் நலமாகவே தெரியும், ஓர் எழுத்துகூட வராது.

எடை மென்பொருளை முழுவதுமாக மூடிவிட்டு, அந்தக் காம் எண்ணை டெர்மினல் மென்பொருளில் திறங்கள். ஒரு சீரியல் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள் மட்டுமே பிடித்துவைத்திருக்க முடியும். திறக்க மறுத்து அனுமதி இல்லை என்ற செய்தி வந்தால், வேறு ஏதோ ஒன்று அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதே பொருள். எடை மென்பொருள் சாளரத்தை மூடிய பிறகும் அதன் நிரல் பின்னணியில் ஓடிக்கொண்டிருப்பது அடிக்கடி காணும் காட்சி. டாஸ்க் மேனேஜரில் தேடி நிறுத்துங்கள். பட்டியைப் பயன்படுத்துவோர் ஃப்ளோ கண்ட்ரோல் (தகவலை எப்போது அனுப்பலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்லும் ஏற்பாடு) என்னுமிடத்தில் ஒன்றுமில்லை என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது இயல்பாக வேறொன்றில் அமைந்திருக்கும்.

இப்போது கேபிளைக் கழற்றிவிட்டு, 2-ஐயும் 3-ஐயும் இணைத்து வைத்த அந்தக் கனெக்டரைக் கணினியின் போர்ட்டில் செருகி, விசைப்பலகையில் எதையாவது தட்டுங்கள். தட்டிய எழுத்து 3-ஆம் பின் வழியே வெளியே போய், 2-ஆம் பின் வழியே திரும்பி வந்து திரையில் தெரிய வேண்டும். கனெக்டரைப் பிடுங்கியதும் எழுத்துகள் நின்றுவிட வேண்டும். பிடுங்கிய பிறகும் எழுத்துகள் தெரிந்தால், நீங்கள் பார்ப்பது டெர்மினல் தானே திரையில் காட்டும் எதிரொலி. அந்த அமைப்பை அணைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். இந்தச் சோதனை தேறினால் போர்ட், டிரைவர், காம் எண் மூன்றும் சரி என்று உறுதியாகிறது, இனி அவற்றைத் தொட வேண்டியதில்லை. அதே வேளையில், இந்தச் சோதனையில் கணினி தன்னோடு தானே பேசுவதால் எந்த வேகத்தில் வைத்தாலும் அது தேறிவிடும்; இண்டிகேட்டரின் வேகத்தோடு பொருந்துகிறதா என்பதை இது சொல்லாது.

சோதனை தேறிய பிறகு, அதே கனெக்டரை நீண்ட கேபிளின் மறுநுனியில் பொருத்தி இன்னொரு முறை செய்யுங்கள். நுனியில் ஊசிகளுக்குப் பதில் துளைகள் இருந்தால் 2-ஐயும் 3-ஐயும் ஒரு சிறு கிளிப்பால் தொட்டுக்கொண்டாலும் போதும். கணினி அருகே தேறி, கேபிள் நுனியில் தேறவில்லையென்றால் பழுது கேபிளில் இருக்கிறது.

கேபிள்

நான் பார்த்த பழுதுகளில் கேபிளும் கனெக்டருமே முதலிடம் வகிக்கின்றன. இண்டிகேட்டருக்குக் கீழே தரையோரம் போகும் ஒயரை எலி கடிக்கிறது, நாற்காலிச் சக்கரம் ஏறுகிறது, பெருக்கும்போது இழுபடுகிறது. கனெக்டரின் இருபுறமும் உள்ள திருகுகளை முடுக்காமல் விட்டிருந்தால், இழுப்பு முழுவதும் சால்டர் வைத்த மெல்லிய கம்பியில் விழுந்து, மேலுறை முழுதாகத் தெரிய, உள்ளே கம்பி மட்டும் அறுந்து நிற்கும். கனெக்டரின் மூடியைத் திறந்து ஒவ்வொரு கம்பியையும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். 5-ஆம் பின்னில் உள்ள கிரவுண்டு கம்பியைத் தவறாமல் பாருங்கள். அது அறுந்திருக்கும்போது எடை சில நேரம் வரும், சில நேரம் குப்பையாக வரும், கையை வைத்தால் மாறும். பலர் அதை இண்டிகேட்டரின் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள்.

கேபிள் நேர் வகையா (2 2-க்கும், 3 3-க்கும் போவது), குறுக்கு வகையா (2-உம் 3-உம் இடம் மாறிப் போவது) என்ற கேள்வி அடுத்தது. இதை நூலில் தேட வேண்டியதில்லை, மல்டிமீட்டரே சொல்லிவிடும். சீரியல் போர்ட் பின்பற்றும் ஆர்எஸ்-232 என்னும் மின் முறையில், அனுப்பும் பின் சும்மா இருக்கும்போது கிரவுண்டைப் பொறுத்து எதிர்மின் அழுத்தத்தில் நிற்கும். நடைமுறையில் −5 முதல் −12 வோல்ட் வரை இருக்கும். இந்த முறைப்படி, பெறும் இடத்தில் −3 முதல் −15 வரை ஒன்று என்றும், +3 முதல் +15 வரை பூச்சியம் என்றும் கொள்ளப்படும். இடைப்பட்ட பகுதிக்குப் பொருள் இல்லை. எனவே டெர்மினலைத் திறந்து வைத்துக்கொண்டு, மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை 5-இலும் சிவப்பு முனையை முதலில் 2-இலும் பிறகு 3-இலும் வையுங்கள். கணினியின் போர்ட்டில் 3-ஆம் பின் எதிர்மின் காட்டும். அடுத்து, இண்டிகேட்டரிலிருந்து வரும் கேபிளின் கழற்றிய நுனியிலும் இப்படியே அளந்து பாருங்கள். அங்கே 2-ஆம் பின்னில் எதிர்மின் அழுத்தம் இருந்தால், இண்டிகேட்டர் அனுப்புவது கணினி பெறும் பின்னுக்கு வருகிறது; கேபிள் சரி. அங்கேயும் 3-ஆம் பின்னில்தான் எதிர்மின் இருக்கிறதென்றால், அனுப்பும் பின்னும் அனுப்பும் பின்னும் முட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு பக்கத்தில் 2-ஐயும் 3-ஐயும் இடம் மாற்ற வேண்டும். இண்டிகேட்டர் இடைவிடாமல் எடையை அனுப்பிக்கொண்டிருந்தால் மீட்டரின் எண் ஒரே இடத்தில் நிற்காமல் அசையும். அந்த அசைவே நல்ல அறிகுறி, ஏனெனில் அங்கே உயிர் இருக்கிறது என்று அது காட்டுகிறது.

எந்தப் பின்னிலும் எதிர்மின் அழுத்தம் இல்லை, பூச்சியமே நிற்கிறது என்றால் இண்டிகேட்டரின் வெளியீட்டுச் சுற்றைச் சந்தேகிக்கலாம். பல இண்டிகேட்டர்களில் இந்த அழுத்தத்தை உண்டாக்குவது மேக்ஸ்232 அல்லது அதையொத்த சிறு சிப். 5 வோல்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, பக்கத்தில் உள்ள சில கெப்பாசிட்டர்களின் துணையால் நேர்மின், எதிர்மின் இரண்டையும் அது உருவாக்குகிறது. மின்னலுக்கும் எர்த்துக் கோளாறுக்கும் முதலில் பலியாவது இந்தச் சிப்தான். அதையும் கெப்பாசிட்டர்களையும் மாற்றினால் போதும் என்ற நிலையில், முழு போர்டையும் மாற்றச் சொல்பவர்களிடம் ஒருமுறைக்கு இருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். சில இண்டிகேட்டர்களில் ஆர்எஸ்-232-க்குப் பக்கத்திலேயே 20 மில்லி ஆம்பியர் கரண்ட் லூப் அல்லது ஆர்எஸ்-485 என்னும் வேறு மின் முறைகளுக்கான இணைப்பும் இருக்கும். ஒயர் தவறுதலாக அதில் சேர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. சும்மா இருக்கும்போது +3.3 அல்லது +5 வோல்ட் காட்டும் வெளியீடு ஆர்எஸ்-232 அன்று. அது டிடிஎல் வகை. மின்னணு ஆர்வலர்கள் செய்யும் சிறு போர்டுகளில் இதைக் காணலாம். அதை நேரடியாக ஆர்எஸ்-232 போர்ட்டில் இணைத்தால் பேச்சு நடக்காது என்பதோடு, போர்ட்டிலிருந்து வரும் எதிர்மின் அழுத்தம் அந்தச் சிறு போர்டை எரித்துவிடவும் கூடும். நடுவே மாற்றிச் சிப் கட்டாயம் வேண்டும்.

எழுத்துகள் வருகின்றன, எடை வரவில்லை

கேபிள் சரியான பிறகு டெர்மினலில் ஏதாவது ஓடத் தொடங்கும். அது படிக்க முடியாத குறிகளாக இருந்தால் மகிழ்ச்சி அடையுங்கள், ஏனெனில் மின்சார வேலை முடிந்துவிட்டது. அமைப்புகளைப் பொருத்துவது மட்டுமே மீதி. இண்டிகேட்டரின் பாட் ரேட் (அனுப்பும் வேகம்), டேட்டா பிட் (ஓர் எழுத்துக்கான பிட்டுகள்), பாரிட்டி (பிழையறியச் சேர்க்கும் பிட்), ஸ்டாப் பிட் (எழுத்தின் முடிவைக் காட்டும் பிட்) ஆகிய நான்கும் கணினியில் அப்படியே இருக்க வேண்டும். 9600 வேகம், 8 டேட்டா பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட் என்பது பரவலான அமைப்பு. 2400, 4800 வேகங்களும் பழைய இண்டிகேட்டர்களில் காணப்படும். கணினியின் வேகம் இண்டிகேட்டரைவிடக் கூடுதலாக இருந்தால் வர வேண்டியதைவிட அதிக எண்ணிக்கையில் குறிகள் கொட்டும்; குறைவாக இருந்தால் எண்ணிக்கை குறையும். இந்த ஒரு கவனிப்பு, எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று சொல்லிவிடும்.

விண்டோஸ் பயனர்கள் பலர் டிவைஸ் மேனேஜரில் போர்ட்டின் பண்புகளுக்குள் சென்று வேகத்தை மாற்றிவிட்டு, ஏன் மாறவில்லை என்று கேட்கிறார்கள். மென்பொருள் போர்ட்டைத் திறக்கும்போது தன் சொந்த அமைப்பையே அதன்மேல் எழுதிவிடுவது வழக்கம். மாற்ற வேண்டிய இடம் எடை மென்பொருளின் அமைப்புப் பக்கம்.

வேகம் சரியாக இருந்து, பாரிட்டி மட்டும் தவறியிருக்கும் நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எடைமேடையில் இதைவிட ஆபத்தான பழுது வேறில்லை என்று நான் நினைக்கிறேன். இண்டிகேட்டர் 7 டேட்டா பிட், ஈவன் பாரிட்டி (ஒன்றுகளின் மொத்த எண்ணிக்கையை இரட்டைப்படையாக்கும் பிட்), 1 ஸ்டாப் பிட் என்று அனுப்ப, கணினி 8 பிட், பாரிட்டி இல்லை என்று படிக்கிறது என்று கொள்வோம். இரண்டிலும் ஓர் எழுத்துக்கு மொத்தம் பத்து பிட்டுகள்தான். ஆகவே எழுத்துகளின் எல்லை பிசகுவதில்லை. பாரிட்டி பிட்டை மட்டும் கணினி எட்டாவது டேட்டா பிட்டாக எடுத்துக்கொள்கிறது. 0, 3, 5, 6, 9 ஆகிய இலக்கங்களின் குறியீட்டில் ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படை என்பதால் பாரிட்டி பிட் பூச்சியமாகி, அவை சரியாகவே வருகின்றன. 1, 2, 4, 7, 8 ஆகியவை கெட்டுப்போகின்றன. டெர்மினலின் எழுத்துக் குறியாக்கம் மேற்கு ஐரோப்பிய வகையில் இருந்தால், 12480 கிலோ என்னும் எடை ±²´¸0 என்று தெரியும். வேறு குறியாக்கத்தில் கேள்விக்குறிகளோ கட்டங்களோ தெரியும். மேடை காலியாக இருக்கும்போது 00000 என்று எந்தக் குறையும் இல்லாமல் வரும். 35690 என்ற எடையும் அப்படியே வரும்.

ஓர் அரிசி ஆலையில் இதை நேரில் பார்த்தேன். காலையில் காலி மேடையோடு சோதித்துவிட்டு எல்லாம் சரி என்று சொல்லிச் சென்றிருந்தார் ஒருவர். மதியம் வந்த லாரிகளில் சிலவற்றுக்கு எடை வந்தது, சிலவற்றுக்கு வரவில்லை. இன்னும் மோசமாக, அந்த மென்பொருள் புரியாத குறிகளை ஒதுக்கிவிட்டு எஞ்சிய இலக்கங்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் வகையில் எழுதப்பட்டிருந்தது. அதனால் ஒரு லாரியின் எடை ஆயிரங்களிலிருந்து பத்துகளுக்கு இறங்கியபோதுதான் ஏதோ தவறு என்று தெரிந்தது. ஆகவே காலி மேடையில் சோதனையை முடித்துக்கொள்ளாதீர்கள். ஆட்களை ஒருவர் பின் ஒருவராக ஏற்றியோ, வண்டியை நிறுத்தியோ, பத்து இலக்கங்களும் ஒருமுறையாவது திரையில் சரியாக வருவதைப் பார்த்த பிறகே எழுந்திருங்கள்.

எடை சிறிது நேரம் வந்து, பிறகு அசையாமல் நின்றுவிடுகிறது என்றால் ஃப்ளோ கண்ட்ரோலைப் பாருங்கள். சில கருவிகள் 8-ஆம் பின்னில் அனுமதிச் சைகை வந்தால்தான் அனுப்பும். கேபிளிலோ மூன்று கம்பிகள் மட்டுமே இருக்கும். அப்போது அந்தக் கருவியின் பக்கத்தில் 7-ஐயும் 8-ஐயும் இணைத்து, தேவைப்பட்டால் 1, 4, 6 ஆகியவற்றையும் ஒன்றாக இணைத்துவிட்டால் அது தனக்குத்தானே அனுமதி கொடுத்துக்கொள்ளும். எடைமேடை அனுப்பும் சிறு தகவலுக்கு ஃப்ளோ கண்ட்ரோல் தேவையே இல்லை: 9600 வேகத்தில் ஓர் எழுத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லி விநாடிதான் ஆகிறது.

யூஎஸ்பி கன்வெர்ட்டர்

கன்வெர்ட்டருக்குள் இருக்கும் சிப் எது என்பதைத் தெரிந்துகொள்வதே பாதி வேலை. எஃப்டிடிஐ, ப்ரோலிஃபிக், சிஎச்340, சிபி2102 ஆகியவை பரவலானவை. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்தோடு, சாதனம் தொடங்க இயலவில்லை, குறியீடு 10 என்று வந்தால், பெரும்பாலும் அது பழைய அல்லது போலியான ப்ரோலிஃபிக் சிப்பாக இருக்கும். புதிய டிரைவர் அவற்றை ஏற்க மறுக்கிறது. விண்டோஸ் 11-இல் சாதனத்தின் பெயர் வர வேண்டிய இடத்திலேயே, அந்தச் சிப் 2012 முதல் கைவிடப்பட்டது என்ற அறிவிப்பைக் காணலாம். பழைய டிரைவரைத் தேடிப் பிடித்து ஓட்ட முடியும் என்றாலும், விண்டோஸ் தன்னைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அது மறுபடி மாறிவிடும் வாய்ப்பு இருப்பதால், ரசீது போடும் இடத்தில் நல்ல கன்வெர்ட்டர் ஒன்றை வாங்கிவிடுவதையே நான் பரிந்துரைக்கிறேன்.

நேற்று வரை வந்தது, இன்று வரவில்லை, யாரும் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால், கன்வெர்ட்டர் வேறொரு யூஎஸ்பி துளைக்கு மாறியிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். தனக்கென வரிசை எண் இல்லாத சிப்புகள், துளை மாறினால் புதிய காம் எண்ணைப் பெற்றுவிடும். மென்பொருளோ பழைய எண்ணிலேயே காத்துக்கொண்டிருக்கும். டிவைஸ் மேனேஜரில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொல்லி, இப்போது இல்லாத பழைய போர்ட்டுகளை நீக்கிவிட்டு, போர்ட் பண்புகளின் மேம்பட்ட அமைப்பில் பழைய எண்ணையே மறுபடி கொடுக்கலாம். எண் சிறியதாக இருப்பது நல்லது. பழைய மென்பொருள்கள் சில காம்4-க்கு மேலும், சில காம்9-க்கு மேலும் ஏற்பதில்லை. எண் அமைந்ததும், அந்தத் துளைக்கு மேல் ஒரு ஒட்டுத்தாளில் எடைமேடை என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

சிறிது நேரம் சும்மா இருந்தால் இணைப்பு அறுந்துபோகிறது என்றால், மின்சாரத்தைச் சேமிக்கக் கணினி இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற தேர்வை, யூஎஸ்பி ஹப்பின் பண்புகளில் நீக்கிவிடுங்கள்.

லினக்ஸ் கணினியில் கன்வெர்ட்டர், டிடிஒய்யூஎஸ்பி (ttyUSB) என்ற பெயரோடும் எண்ணோடும் தோன்றும். திறக்க அனுமதி இல்லை என்றால், டெபியன், உபுண்டு வகைகளில் பயனரை டயல்அவுட் என்ற குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும். உபுண்டு 22.04-இல் சிஎச்340 கன்வெர்ட்டரைச் செருகியதும் தோன்றி உடனே மறைந்தால், பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவிகளை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் என்ற நிரல் அதைத் தன் கருவி என்று எண்ணி எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த நிரல் அங்கே யாருக்கும் தேவைப்படாது என்றால் நீக்கிவிடலாம்.

தானாக ஓடும் கர்சர்

கணினியைத் தொடங்கியதும் கர்சர் திரையெங்கும் தானாகப் பாய்ந்து, கண்ட இடங்களில் சொடுக்கிக்கொண்டே இருந்த ஒரு கணினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வைரஸ் என்று எண்ணி இரண்டு முறை விண்டோஸை மறுபடி நிறுவியிருந்தார்கள். எடைமேடையின் கேபிளைக் கழற்றியதும் கர்சர் அடங்கியது. நடந்தது இதுதான்: முற்காலத்தில் சுட்டிகள் சீரியல் போர்ட்டில் இணைக்கப்பட்டிருந்தன, விண்டோஸ் இன்றும் போர்ட் தோன்றும்போது அங்கே சுட்டி இருக்கிறதா என்று பார்க்கிறது. இண்டிகேட்டர் அந்த நேரத்தில் இடைவிடாமல் எடையை அனுப்பிக்கொண்டிருந்தால், அதைச் சுட்டியின் அசைவு என்று தவறாகப் புரிந்துகொள்கிறது. டிவைஸ் மேனேஜரில் சுட்டிகளின் பிரிவில் மைக்ரோசாஃப்ட் சீரியல் பால்பாயிண்ட் என்ற பெயரைக் காணலாம். அதை நீக்காமல், முடக்கி வையுங்கள். நீக்கினால் அடுத்த முறை மறுபடி வந்துவிடும். எஃப்டிடிஐ டிரைவரில் மேம்பட்ட அமைப்புகளுக்குள் சீரியல் எனுமரேட்டர் என்ற தேர்வை எடுத்துவிட்டால் இந்தத் தேடலே நடக்காது. இண்டிகேட்டரில் கேட்டால் மட்டும் அனுப்பும் முறை இருந்து, மென்பொருளும் அதற்கு இசைந்தால், அப்படி மாற்றுவது இன்னும் நிலையான தீர்வு.

தூரம், எர்த்து, இடி

ஆர்எஸ்-232 ஏறத்தாழ 15 மீட்டர் தூரத்துக்கு ஏற்றது. குறைந்த வேகத்தில் அதற்கு மேலும் ஓடும்; ஆனால் ஓடுகிறதே என்று விட்டுவைத்த நீண்ட கேபிள்கள் மழைக்காலத்தில் பழிவாங்குவதைப் பார்த்திருக்கிறேன். மேடை அறைக்கும் அலுவலகத்துக்கும் நடுவே பெரிய முற்றம் இருந்தால் இரு நுனியிலும் ஆர்எஸ்-485 மாற்றிகளை வையுங்கள். அது 1200 மீட்டர் வரை செல்லும். மின்சார ஒயரோடு ஒரே குழாயில் சீரியல் கேபிளைப் போடாதீர்கள்.

இண்டிகேட்டரும் கணினியும் வெவ்வேறு இடங்களிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது, இரண்டின் கிரவுண்டும் ஒரே அழுத்தத்தில் இருக்கும் என்று நம்ப முடியாது. கேபிளைக் கழற்றிவிட்டு, அதன் 5-ஆம் பின்னுக்கும் கணினியின் உலோகப் பெட்டிக்கும் இடையே மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அளந்து பாருங்கள். சில வோல்ட் காட்டினாலே எர்த்தைச் சரிபார்க்க வேண்டும். எர்த்து இல்லாத இரண்டு பின் அடாப்டரில் ஓடும் லேப்டாப்பானால் நூறு வோல்ட்டை நெருங்கிக்கூடக் காட்டும். மின்னோட்டம் மிகச் சிறிதாயினும், கேபிளைச் செருகும் நொடியில் அது சிப்பைக் கொல்லப் போதுமானது. அதனால் இரு கருவிகளையும் அணைத்துவிட்டே சீரியல் கேபிளைச் செருகுங்கள், கழற்றுங்கள். அடிக்கடி போர்ட் எரியும் இடங்களில் ஆப்டோ ஐசோலேட்டர் ஒன்றை நடுவே வைத்தால் மின் தொடர்பு முற்றிலும் பிரிந்து, ஒளி வழியே தகவல் மட்டும் கடக்கும். இடி இடிக்கும் மாலையில் மேடையை மூடிவிட்டுப் போகும்போது கேபிளைக் கழற்றிவைக்கும் பழக்கத்தை அங்குள்ளவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

கடைசியில் மென்பொருள்

டெர்மினலில் எடை தெளிவாக வருகிறது, எடை மென்பொருளில் மட்டும் வரவில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டால், காம் எண்ணையும் நான்கு அமைப்புகளையும் மென்பொருளில் ஒப்பிட்ட பிறகு, இண்டிகேட்டர் அனுப்பும் வரியின் வடிவத்தைப் பாருங்கள். வரியின் தொடக்கத்திலும் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத குறிகள் இருக்கும். 2 என்னும் மதிப்புடைய தொடக்கக் குறி, 3 என்னும் முடிவுக் குறி, வரி முடிவில் 13 அல்லது 10 அல்லது இரண்டும் வரலாம். மென்பொருள் 13-க்காகக் காத்திருக்க, இண்டிகேட்டர் 3-இல் வரியை முடித்தால், எடை வந்தும் வராதது போலத்தான் இருக்கும். டெரா டெர்மில் இக்குறிகளைப் பதினாறடிமான எண்ணாகக் காட்டும் வசதி உண்டு, அதை முதலில் அமைப்புக் கோப்பில் அனுமதிக்க வேண்டும். வந்த வரியை அப்படியே கோப்பில் சேமித்து மென்பொருள் எழுதியவருக்கு அனுப்பினால், தொலைபேசியில் ஒரு மணி நேரம் விளக்குவதைவிட விரைவில் அவர் புரிந்துகொள்வார்.

இண்டிகேட்டரை மாற்றியபோதோ, அதன் அமைப்பு அழிந்து தொழிற்சாலை நிலைக்குத் திரும்பியபோதோ இந்த வடிவம் மாறிவிடுகிறது. இலக்கங்களின் எண்ணிக்கை ஆறிலிருந்து ஏழாகி, மென்பொருள் முதல் ஆறை மட்டும் எடுத்துக்கொண்டால் எடை பத்தில் ஒரு பங்காகிவிடும். எனவே வேலை முடிந்ததும், வெறும் மேடை, ஓர் ஆள், காலி லாரி, லோடு லாரி என்று நான்கு நிலைகளில் இண்டிகேட்டரின் எண்ணையும் திரையின் எண்ணையும் அச்சான ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பாட் ரேட், டேட்டா பிட், பாரிட்டி, ஸ்டாப் பிட், காம் எண், கேபிளில் எந்தப் பின் எந்தப் பின்னோடு சேர்ந்திருக்கிறது என்ற விவரங்களை ஓர் அட்டையில் எழுதி, தேதியிட்டு, இண்டிகேட்டர் பெட்டியின் மூடிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வாருங்கள்.